இலையைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் மருந்து

சென்னையின் மேற்குப் புறநகரான வானகரத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டியோ அம்பத்தூர் போகும் சாலையை ஒட்டியோ இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் பெரும்பாலும் ஒரே கதைதான். பால்கனியில் நன்றாகப் பூத்துக்கொண்டிருந்த செம்பருத்தியின் கொழுந்து சுருங்கும். காம்பும் தண்டும் சேரும் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கும். வீட்டில் யாராவது ஒருவர், கரப்பானுக்கு வாங்கிவைத்த ஸ்பிரேயை எடுத்து நான்கு பக்கமும் அடிப்பார். இரண்டு நாளில் இலை கருகும். பஞ்சு அப்படியே இருக்கும்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. டப்பா ஸ்பிரேக்களில் மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் எண்ணெய் வகைத் திரவம் இலையைச் சுட்டுவிடும். பஞ்சு போலத் தெரிவதோ மாவுப்பூச்சி தன் உடம்பிலிருந்து சுரந்து போர்த்திக்கொள்ளும் மெழுகு. மேலோட்டமாக விழும் மருந்து அதைத் தாண்டி உள்ளே போகாது. மெழுகுப் பைக்குள் இருக்கும் முட்டைகளைத் தொடவே தொடாது. ஒரு பெண் மாவுப்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், ஒரே தடவை அடித்து முடித்துவிடலாம் என்ற நினைப்பு எவ்வளவு வீண் என்று புரியும்.

தொட்டிச் செடியைத் தாக்குபவை எல்லாம் ஒன்றல்ல. மாவுப்பூச்சி, செதில்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ, இலைப்பேன், செஞ்சிலந்தி, மண்ணில் பிறக்கும் பூஞ்சைக் கொசு என்று ஒவ்வொன்றுக்கும் வாழும் இடமும் பலவீனமும் வேறுவேறு. மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் செய்யவேண்டிய வேலை, இலையைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பார்ப்பதுதான். ஒரு லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கைப்பேசியின் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும்.

மாவுப்பூச்சியைத் தெரிந்துகொள்ளத் தமிழ்நாட்டுக்குப் பெரிய பாடம் ஒன்று கிடைத்தது. 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மரங்களில் ஒரு புதிய மாவுப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் சொந்த ஊர். பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி, பருத்தி, செம்பருத்தி என்று பரவியது. விவசாயிகள் மருந்துமேல் மருந்து அடித்தார்கள். பூச்சி அடங்கவில்லை. இங்கே அதை உண்ணும் இயற்கை எதிரி அதன்கூட வந்து சேரவில்லை என்பதுதான் காரணம். 2010-இல் அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூருவிலுள்ள தேசியப் பூச்சி ஆய்வு நிறுவனத்துக்கு வந்தன. கொசுவைவிடச் சின்னதாக இருக்கும் இந்தக் குளவி, மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சு அதை உள்ளிருந்தே தின்று வெளியே வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இவற்றைப் பெருக்கி மாவட்டங்களுக்குக் கொடுத்தது. மூன்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவிதான் நன்றாக நிலைகொண்டது. பல தெளிப்புகளால் ஆகாத காரியம் அதனால் ஆனது.

இதற்கு நேர் எதிரான கதை கரீபியனில் நடந்தது. நம் செம்பருத்தியில் சாதாரணமாகக் காணும் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி ஆசியாவிலிருந்து போய்ச் சேர்ந்து, 1994-இல் கிரெனடா தீவில் கண்டுபிடிக்கப்பட்டது. நமக்குச் சில்லறைத் தொல்லையாக இருந்த பூச்சி, எதிரிகள் இல்லாத அந்தத் தீவில் பெரிய நாசத்தை உண்டாக்கியது. அங்கேயும் கடைசியில் கைகொடுத்தது குளவியும் பொறிவண்டும்தான்.

பால்கனிக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே, அதைவிடப் பெரிதாக, நீண்ட வெள்ளை இழைகளோடு, வேகமாக நடக்கும் ஒரு புழு சில சமயம் தெரியும். பார்ப்பவர் அதையும் மாவுப்பூச்சி என்று நினைத்து நசுக்கிவிடுவார். அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டை, காப்பிச் செடியின் செதில்பூச்சியை ஒழிப்பதற்காக 1898-இலேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். நாளெல்லாம் மாவுப்பூச்சியைத் தின்பதுதான் அதன் வேலை. அடையாளம் எளிது: மாவுப்பூச்சி தொட்டாலும் மெல்ல நகரும், இது ஓடும். ஓடுவதை விட்டுவிடவேண்டும். அது இருக்கும் தொட்டியில் எதையும் தெளிக்கக் கூடாது.

வண்டு வந்து சேராத மூன்றாவது மாடியில் கைதான் கருவி. பஞ்சு ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் இருந்தால், காது குடையும் பஞ்சுக் குச்சியை மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றையும் தொடவேண்டும். மெழுகு கரைந்து பூச்சி சட்டென்று நிறம் மாறும். ஜெல் வடிவ சானிடைசர் இதற்கு உதவாது, இலையில் படலமாக ஒட்டிக்கொள்ளும். மொத்தமாகத் தாக்கிய கிளையை வெட்டி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பவேண்டும். வெட்டியதைக் கீழே உள்ள பூங்காவில் போடுவது, பக்கத்து வீட்டுக்குப் பூச்சியை அனுப்பிவைக்கும் வேலை.

அடுத்தது தண்ணீர். மாவுப்பூச்சியோ அசுவினியோ எதுவானாலும், செடியைக் குளியலறைக்குக் கொண்டுபோய்த் தொட்டியின் வாயைப் பாலிதீனால் கட்டிவிட்டு, இலையின் அடிப்பக்கத்தில் ஷவரை வேகமாகப் பீய்ச்சினால் பாதிக் கூட்டம் போய்விடும். அரளியின் கொழுந்தில் மஞ்சள் மஞ்சளாக மொய்க்கும் அசுவினிக்கு இதற்குமேல் பெரும்பாலும் எதுவும் தேவைப்படாது.

மீதியைச் சோப்பு பார்த்துக்கொள்ளும். வானகரத்துக்காரர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான். போர்வெல்லும் டேங்கர் லாரியும் தரும் தண்ணீர் கடினமாக இருந்தால் சோப்பு அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து திரிந்துவிடும். திரிந்த சோப்பு பூச்சியைக் கொல்லாது, இலையில் வெள்ளைத் திட்டாக மட்டும் படியும். ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துச் சிறிது சோப்பைப் போட்டுக் குலுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். நுரை நிற்காமல் கலங்கலாகத் திரிதிரியாக மிதந்தால் அந்தத் தண்ணீர் ஆகாது. பிடித்துவைத்த மழைநீர், ஆர்.ஓ. தண்ணீர், அல்லது கேன் தண்ணீர் ஒரு லிட்டர் போதும். பால்கனிச் செடிகளுக்கு அதற்குமேல் செலவாகாது.

லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி திரவச் சோப்பு, அதாவது 5 மில்லி. சலவைத்தூளும் சலவைப் பட்டையும் வேண்டாம், இலையின் இயற்கை மெழுகையும் சேர்த்து உரித்துவிடும். சோப்புத் தண்ணீர் ஈரமாகப் பட்ட பூச்சியை மட்டுமே கொல்லும். காய்ந்த பிறகு அதற்கு வேலை இல்லை. எனவே மேலே பன்னீர் தெளிப்பது போலத் தெளித்தால் பலன் கிடையாது. இலையின் அடியும் காம்பின் இடுக்கும் சொட்டச் சொட்ட நனையவேண்டும். முட்டை தப்பிவிடும் என்பதால் 5 முதல் 7 நாள் இடைவெளியில் மூன்று முறையாவது திரும்ப அடிக்கவேண்டும். மூன்றாவது முறையை விட்டுவிடுவதால்தான் பலர் வீட்டில் அடுத்த மாதமே பழைய கதை திரும்புகிறது.

தோட்டக்கலை அலுவலர்கள் பரிந்துரைக்கும் மீன் எண்ணெய் சோப்பு இன்னும் வலுவானது. லிட்டருக்கு 25 கிராம். மாவுப்பூச்சிக்கும் செதில்பூச்சிக்கும் நல்ல மருந்து, ஆனால் மூடிய பால்கனியில் அதன் வாடை இரண்டு நாள் நிற்கும். மீன் என்றதும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வானகரம் மீன் மார்க்கெட்டில் கழிவை வாங்கிவந்து வெல்லம் சேர்த்து ஊறவைத்து மீன் அமிலம் தயாரிக்கும் மாடித்தோட்டக்காரர்கள் பலர். அது வளர்ச்சி ஊக்கி. பூச்சியைக் கொல்லும் என்று நம்பி அதைத் தெளித்தால் செடி தழைக்கும், தழைத்த இளங்கொழுந்தில் அசுவினியும் தழைக்கும்.

வேப்பெண்ணெயைப் பற்றிப் பேசாமல் தமிழில் பூச்சி அத்தியாயம் எழுத முடியாது. அது நல்ல மருந்துதான், மாயமருந்து அல்ல. அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியைப் பசியற்றதாக்கும், தோலுரித்து வளர்வதைக் கெடுக்கும். அடித்த மறுநாள் பூச்சி நடமாடுவதைப் பார்த்து ‘வேலை செய்யவில்லை’ என்று கைவிடக் கூடாது, பலன் தெரிய ஒரு வாரம் ஆகும். வெயில் பட்டால் அசாடிராக்டின் சிதைந்துவிடும், இலையும் கருகும். எனவே சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகுதான் அடிக்கவேண்டும்.

கலப்பதில் ஒரு வரிசை உண்டு. முதலில் 5 மில்லி வேப்பெண்ணெயோடு 2 மில்லி திரவச் சோப்பைச் சேர்த்து நன்றாக அடித்துக் கலக்கவேண்டும். அதன் பிறகே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஒரு லிட்டராக்கவேண்டும். பால் நிறம் வந்தால் கலவை சரி. தண்ணீரில் எண்ணெயை ஊற்றினால் அது மேலே மிதக்கும்; தெளிப்பானில் முதலில் வெறும் தண்ணீரும் கடைசியில் வெறும் எண்ணெயும் வரும், அந்தக் கடைசித் தெளிப்பு விழுந்த செடி வாடும். கலந்ததை அன்றே தீர்த்துவிடவேண்டும். எந்தச் செடியானாலும் முதலில் இரண்டு இலையில் அடித்து ஒருநாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது. பெரணியும் சதைப்பற்றுள்ள செடிகளும் எண்ணெயைத் தாங்குவதில்லை.

இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல், கோமியத்தில் நொச்சியும் எருக்கும் ஆடாதொடையும் ஊறவைத்த மூலிகைப் பூச்சிவிரட்டி எல்லாம் வயலுக்கும் தனிவீட்டுத் தோட்டத்துக்கும் பொருந்தும். எட்டாவது மாடியில், காற்று அடிக்கும் திசையில் பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னல் இருக்கும்போது அதைச் செய்து பார்ப்பவருக்கு, பூச்சியைவிடக் குடியிருப்போர் சங்கம்தான் பெரிய தொல்லையாகும்.

எறும்பு

செடியில் எறும்பு வரிசையாக ஏறி இறங்கினால் எறும்பு செடியைத் தின்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. மாவுப்பூச்சியும் அசுவினியும் வெளியேற்றும் இனிப்புத் திரவத்துக்காகத்தான் அது வருகிறது. பதிலுக்குக் குளவியையும் பொறிவண்டையும் விரட்டி அவற்றைக் காவல் காக்கிறது. எறும்பை நிறுத்தாமல் மாவுப்பூச்சியை ஒழிப்பது கடினம்.

தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்தால் எறும்பு ஏறாது. ஆனால் அந்தத் தட்டில் டெங்குக் கொசு முட்டையிடும், வாரத்துக்கு ஒருமுறையாவது தேய்த்துக் கழுவி மாற்றாவிட்டால் ஒரு பூச்சியை விரட்டி இன்னொன்றை வளர்த்ததாகிவிடும். அதைவிட நல்லது, தொட்டி வைக்கும் ஸ்டாண்டின் கால்களில் வாசலினை வளையமாகத் தடவுவது. இன்னொன்று இரை வைப்பது. கேரம் பலகைக்குப் போடும் போரிக் பவுடரில் ஒரு கிராம், சர்க்கரை 10 கிராம், தண்ணீர் 100 மில்லி கலந்து, பஞ்சில் நனைத்து எறும்பு போகும் வழியில் வைத்தால் அது கூட்டுக்குக் கொண்டுபோய்ப் பகிர்ந்துகொள்ளும். அளவைக் கூட்டினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், கூடு தப்பும். குழந்தைகளும் நாய் பூனையும் எட்டும் இடத்தில் இதை வைக்கக் கூடாது.

அதே இனிப்புத் திரவம் இலையில் படிந்து கறுப்புப் பூசணமாகும். புகை படிந்தது போன்ற அந்தப் படலம் நெடுஞ்சாலைத் தூசு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விரலால் தேய்த்தால் பிசுபிசுப்பாக இருந்தால் அது தூசு இல்லை, அதற்கு மேலே உள்ள இலையின் அடியில் யாரோ குடியிருக்கிறார்கள். 2016-இல் பொள்ளாச்சித் தென்னையில் முதலில் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ வந்ததிலிருந்து, தென்னை மரத்துக்குக் கீழே உள்ள வாழையும் கொய்யாவும் பால்கனிப் பனைகளும் இப்படிக் கறுப்பது சகஜமாகிவிட்டது. அதற்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் வைத்தியம் சமையலறையிலேயே இருக்கிறது: லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து வடிகட்டித் தெளித்தால், காய்ந்ததும் கறுப்புப் படலத்தோடு பொருக்காக உதிரும். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் பறக்கும் ஈக்கள் ஒட்டும். ரசாயனம் வேண்டாம் என்பதற்குக் காரணம் இங்கேயும் குளவிதான். என்கார்சியா என்ற ஒட்டுண்ணி இந்த ஈயைத் தானாகவே தேடி வந்து அழிக்கிறது, மருந்தடித்தால் அது முதலில் சாகும்.

கண்ணுக்குத் தெரியாத எட்டுக் கால்

மேற்குப் புறநகர்ச் செடிகளின் பெரிய எதிரி பூச்சியே அல்ல. செஞ்சிலந்திக்கு எட்டுக் கால், அது சிலந்தி இனம். இலையில் ஊசியால் குத்தியது போல வெளிறிய புள்ளிகள், பிறகு பழுப்பு, முற்றினால் கொழுந்தில் மெல்லிய நூலாம்படை. வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து இலையைத் தட்டினால் விழும் பொடிகளில் சில நகரும். தாளில் தேய்த்தால் சிவப்புக் கோடு விழும்.

சூடும் வறட்சியும் தூசும் இதற்குப் பிடித்தவை. மூன்றும் நெடுஞ்சாலையோர பால்கனியில் பங்குனி முதல் ஆனி வரை தாராளமாகக் கிடைக்கும். 30 டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து முதிர ஏறக்குறைய ஒரு வாரம் போதும். சாதாரணப் பூச்சிமருந்துகள் பல இதை ஒன்றும் செய்யாது, இதைத் தின்னும் நல்ல சிலந்திகளைக் கொன்று கூட்டத்தைப் பெருக்கவே செய்யும். மல்லிகையும் ரோஜாவும் அரேகா பனையும் இதற்கு முதலில் பலியாகும்.

கந்தகப் பொடி இதற்குப் பழைய மருந்து. புத்தகங்களும் அதைத்தான் சொல்லும். ஆனால் 32 டிகிரிக்கு மேல் கந்தகம் இலையைச் சுடும், எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் அடித்தாலும் சுடும். சென்னையில் செஞ்சிலந்தி வரும் மாதங்களில் 32 டிகிரிக்குக் கீழே வெப்பம் இருப்பது பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான். ஆகவே இந்த ஊருக்குத் தண்ணீர்தான் மருந்து. வாரத்துக்கு இரண்டு முறை இலையடியைப் பீய்ச்சிக் கழுவி, தூசியை ஈரத்துணியால் துடைத்து, வெயில் காலம் முழுக்க அதைத் தொடரவேண்டும். கழுவிய பிறகு சாயங்காலத்தில் வேப்பெண்ணெய் அடித்தால் இன்னும் நல்லது.

ஐப்பசி மழை வந்ததும் செஞ்சிலந்தி அடங்கிப் பூஞ்சைக் கொசு தலையெடுக்கும். தொட்டியைத் தொட்டால் சோம்பலாகப் பறக்கும் இந்தச் சின்னக் கறுப்பு ஈ கடிக்காது. அதன் புழுதான் ஈரமண்ணின் மேற்பரப்பில் இளவேரைக் கடிக்கும். தென்னைநார்க் கழிவு நிரப்பிய பைகளில் இது அதிகம், ஏனென்றால் அந்த ஊடகம் மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். இதற்கு மருந்து தண்ணீரை நிறுத்துவது. மேல் இரண்டு விரற்கடை காயும்வரை ஊற்றக் கூடாது. மேலே ஒரு விரற்கடை ஆற்றுமணலைப் பரப்பினால் முட்டையிட இடம் கிடைக்காது.

துளசியும் கறிவேப்பிலையும் கற்பூரவல்லியும் வாய்க்குப் போகும் செடிகள் என்பதால் அவற்றுக்குத் தனிச் சட்டம். தண்ணீர், கை, சோப்பு, வேப்பெண்ணெய், அவ்வளவுதான். தெளித்த பிறகு ஒரு வாரம் பறிக்காமல் விட்டுக் கழுவிப் பயன்படுத்தவேண்டும். கறிவேப்பிலையில் பறவை எச்சம் போலக் கிடக்கும் புழுவைக் கையால் எடுத்துவிடலாம். விட்டுவைத்தால் அது பச்சையாகி, அழகான எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியாகப் பறந்துபோகும். செடி பெரிதாக இருந்தால் நான்கு கொத்தை அதற்குக் கொடுப்பதில் நஷ்டமில்லை.

பெரும்பாலான பூச்சி நர்சரியிலிருந்தே வீட்டுக்கு வருகிறது. சென்னையின் சாலையோர நர்சரிகளுக்கு ஆந்திராவின் கடியம், ஓசூர், பெங்களூரு என்று பல இடங்களிலிருந்து லாரியில் செடிகள் வந்து இறங்குகின்றன. வாங்கும்போதே இலையைத் திருப்பிப் பார்க்கலாம், கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். வீட்டுக்கு வந்ததும் மற்ற செடிகளிலிருந்து விலக்கி இரண்டு மூன்று வாரம் தனியே வைத்திருந்து, சந்தேகம் தீர்ந்த பிறகு சேர்க்கலாம். பூ பூத்துக் குலுங்கும் செடியை வாங்கியவருக்கு இது கஷ்டமான விரதம்தான்.

இவ்வளவுக்கும் மசியாத பூச்சிக்கு ரசாயனம் வாங்க நினைப்பவர் டப்பாவின் லேபிளில் உள்ள சாய்சதுரத்தைப் பார்க்கவேண்டும். அதன் கீழ்ப்பாதி சிவப்பானால் கொடிய நஞ்சு, மஞ்சளானால் கடும் நஞ்சு, நீலம் நடுத்தரம், பச்சை குறைவு. சிவப்பும் மஞ்சளும் வீட்டுக்குள் வரவே கூடாது. உரக்கடையில் ‘கொஞ்சம்’ என்று வேறு பாட்டிலில் ஊற்றித் தருவதையும் வாங்கக் கூடாது. லேபிள் இல்லாத மருந்துக்கு அளவும் இல்லை, விஷமுறிவும் தெரியாது. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த டைக்குளோர்வாஸ் 2020 டிசம்பர் 31-உடன் நாட்டிலேயே தடை செய்யப்பட்டது. பழைய பாட்டில் அலமாரியில் மிச்சம் இருந்தால் அதைச் செடிக்கு அடித்துத் தீர்க்க நினைக்கக் கூடாது.

என்ன பூச்சி என்று பிடிபடாவிட்டால் கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். காலை 6 முதல் இரவு 10 வரை எடுப்பார்கள். அழைக்கும் முன் செடியின் பெயர், எத்தனை நாளாக, இலையின் மேலா அடியா, எறும்பு உண்டா, கடைசியாக என்ன தெளித்தது என்று ஒரு தாளில் குறித்துவைத்துக்கொண்டால், மறுமுனையில் இருப்பவர் முதலில் கேட்கும் கேள்விகளுக்குச் செடியிடம் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டியிருக்காது.